சபையில் முதியோர் ஊழியம்: வர முடியாமல் போனவர்களிடமிருந்து தொடங்குங்கள்

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு சபையில் செயலாளராக இருக்கிறேன். வயது 34. ஓசூரில் கம்பெனி வேலை, சனி ஞாயிறு ஊருக்கு வந்துவிடுவேன். எங்கள் சபையில் ஏறக்குறைய 90 குடும்பங்கள். என் வயதுக்காரர்கள் பாதிப்பேர் ஓசூர், பெங்களூர் என்று போய்விட்டதால் ஞாயிறு ஆராதனையில் நரைத்த தலைகள்தான் அதிகம். போன ஆண்டு முதியோர் ஞாயிறு வைத்து எல்லாருக்கும் சால்வை போர்த்தி, பிரியாணி போட்டோம். அந்த உற்சாகத்தில் ஜனவரியிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை மாலை 4 மணிக்கு முதியோர் கூடுகை ஆரம்பித்தோம். முதல் மாதம் 40 பேருக்கு மேல் வந்தார்கள். ஏப்ரலில் ஆறே பேர். "வயசானவங்களுக்கு இதுல ஆர்வம் இல்ல, நிறுத்திடலாம்" என்கிறது கமிட்டி. ஆயர் ஐயாவும் தயங்குகிறார். எனக்கு நிறுத்த மனமில்லை. என்ன செய்யலாம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

தம்பிக்கு அன்பின் தோத்திரம்.

கூடுகையை நிறுத்த வேண்டாம். ஆறு பேர்தான் வந்தார்கள் என்பதை வைத்து மற்றவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று கமிட்டி முடிவு கட்டியது தவறு. தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் முதியோர் நலப் பணிக்காக வீடு வீடாகப் போகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், வராதவர்களிடம் காரணம் இருக்கும். யாராவது போய்க் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை.

முதலில் நேரத்தைப் பாருங்கள். சனிக்கிழமை மாலை 4 மணி உங்களுக்குத் தோதான நேரம். காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்தில் அது பால் கறக்கிற நேரம். மகன் ஓசூரில், மருமகள் கார்மென்ட்ஸில் என்றால் மாட்டைக் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுவது யார்? அந்த 65 வயது அம்மாதான். பிப்ரவரியில் புளி வந்துவிடுகிறது. திண்ணையில் உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் எடுத்து, கொட்டை தட்டுகிற வேலை முழுக்க வயதான பெண்களை நம்பித்தான் நடக்கிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் காசில்தான் அவர்களுடைய வெற்றிலை பாக்கும், பேரப்பிள்ளைக்கு வாங்கும் பன்னும், ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையும். அது ஓய்வதற்குள் மாங்காய் இறங்கத் தொடங்கும், தோப்புக் காவலுக்குத் தாத்தாக்கள் போய்விடுவார்கள். பென்ஷன் வாங்கி ஓய்வில் இருக்கும் டீச்சரும் மின்வாரியத்துக்காரரும் உங்கள் சபையில் சிலர் இருக்கலாம். மற்றவர்களுக்கு ஓய்வு என்று ஒரு தேதி வந்ததே இல்லை. ஜனவரியில் நாற்பதாக இருந்தது ஏப்ரலில் ஆறாகக் குறைந்ததற்கு ஆர்வத்தை விடப் புளிதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அதனால் தனியாக ஒரு நாள் வைக்காதீர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டீயும் சுண்டலும் கொடுத்து முக்கால் மணி நேரம் உட்கார வையுங்கள். அதற்கென்று இன்னொரு முறை குளித்து, சேலை மாற்றி, பஸ் ஏறி வரும் பாடு மிச்சம்.

அடுத்தது உடம்பு. நம் இரண்டு மாவட்டத்திலும் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது அதிகபட்ச வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரை ஆயுசில் பாதிக்குமேல் குடித்தவர்கள்தான் இன்று உங்கள் சபையின் முதியவர்களில் பலர். பல்லில் கறை படிவதோடு அது நிற்பதில்லை. எலும்பில் சேர்ந்து மூட்டு, முதுகு, கழுத்து எல்லாம் இறுகிப்போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்தது பெரிய உபகாரம்தான், ஆனால் ஏற்கெனவே இறுகிய முதுகை அது நிமிர்த்தாது. அப்படிப்பட்டவரைப் பாயில் உட்கார வைத்தால் எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். அந்தக் கூச்சத்துக்கே அடுத்த முறை வரமாட்டார். கைப்பிடி உள்ள நாற்காலிகள் வாங்குங்கள். "முடிந்தவர்கள் முழங்காலில், மற்றவர்கள் உட்கார்ந்தபடியே ஜெபிப்போம்" என்று ஆயர் ஐயா ஒவ்வொரு ஞாயிறும் வாய்விட்டுச் சொல்லட்டும். முழங்கால்படியிட முடியாதது அவபக்தி என்று மனதுக்குள் வெந்துபோகிற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, கழிப்பறை. சபைகளில் இதைப் பேசவே வெட்கப்படுகிறார்கள். உங்கள் ஆலயத்தின் கழிப்பறை எப்படி இருக்கிறது? பெரும்பாலும் பின்பக்கம், குத்துக்கால் வைத்து உட்காரும் பேசின், விளக்கு இருக்காது, சாவி கோயில்பிள்ளை வீட்டில். சிறுநீரை அடக்க முடியாத ஒரு பாட்டி ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுகிறார். அப்புறம் ஆராதனையில் தலைசுற்றல், வீட்டுக்குப் போனால் சிறுநீர்த் தாரையில் நோய்த்தொற்று. கடைசியில் "கோயிலுக்கே போகாதே" என்று மகன் சொல்லிவிடுவார். ஒரு வெஸ்டர்ன் கமோடு, சுவரில் இறுக்கிப் பிடிக்க ஒரு கம்பி, ஒரு பல்பு, பூட்டாத கதவு. சால்வைக்கும் பிரியாணிக்கும் ஆன செலவை வைத்தே இந்த வேலையைத் தொடங்கியிருக்கலாம். கமிட்டியில் இதை முதல் தீர்மானமாகக் கொண்டுபோங்கள்.

இவ்வளவும் செய்தால் ஆறு இருபதாகும். சந்தோஷம்தான். ஆனால் அந்த இருபது பேரும் எப்படியும் ஆலயத்துக்கு வந்துகொண்டிருந்தவர்கள்தான். ஒரு காலத்தில் வந்து, மெல்ல மெல்ல நின்றுபோய், இப்போது யாருடைய ஞாபகத்திலும் இல்லாதவர்களுக்கு உங்கள் ஊழியத்தில் என்ன இருக்கிறது? அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் ஆதிச்சபையில் எழுந்த முறுமுறுப்பே, சில விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினமும் உணவு பகிர்ந்து கொடுப்பதில், விடுபட்டுப்போனார்கள் என்பதற்காகத்தான். அப்போது அப்போஸ்தலர்கள் அந்த வேலைக்கென்றே ஏழு பேரைப் பெயர் சொல்லித் தெரிந்துகொள்ள வைத்தார்கள். உங்களுக்கும் அதுதான் வழி.

ஒரு நோட்டு வாங்குங்கள். சந்தாப் புத்தகத்தை நம்பாதீர்கள், சந்தா நின்றுபோனவர்களின் பெயர் அதில் விட்டுப்போயிருக்கும். தெருத் தெருவாகப் போய் 60 வயதைக் கடந்த ஒவ்வொருவரையும் எழுதுங்கள். வயதை விட நிலைமை முக்கியம். தானே நடந்து வருகிறவர், யாராவது கூட்டி வந்தால் வருகிறவர், வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர், படுக்கையில் இருப்பவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே சில விவரங்கள்: சாப்பாடு யார் போடுகிறார்கள், மாத்திரை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள், கண் தெரிகிறதா, எந்தக் காது கேட்கிறது, கடைசியாக எப்போது திருவிருந்து எடுத்தார், வெளியூரில் இருக்கும் பிள்ளையின் போன் நம்பர். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்களா என்பதையும் குறியுங்கள். நம் எல்லைப்பக்கக் கிராமங்களில் சபையில் தமிழில் பாடுகிற பாட்டி வலி வரும்போது தெலுங்கில்தான் ஜெபிக்கிறார். அவருக்கு அந்த மொழி தெரிந்த ஒருவரைத்தான் அனுப்ப வேண்டும். நிலம், நகை, பேங்க் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கக் கூடாது.

இனி, யார் போவது? நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். வாலிபர் ஐக்கியத்தை அனுப்பலாம் என்று உங்களுக்குத் தோன்றும். அவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு ஒரு முறை போவார்கள், பரீட்சை வந்தால் நின்றுவிடுவார்கள். அந்த ஏப்ரல் வெயிலிலும் வந்தார்களே ஆறு பேர், அவர்களை அனுப்புங்கள். நோட்டில் முதல் பிரிவில் இருக்கும் 60, 65 வயதுக்காரர்கள் எல்லாரும்தான் உங்கள் ஊழியர்கள். சால்வை போர்த்தி நாற்காலியில் உட்கார வைத்து, அவர்களை வெறும் பெற்றுக்கொள்கிறவர்களாக ஆக்கிவிட்டோம். வயதானவர் மனதில் மிகவும் வலிக்கிற இடம் "என்னால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை" என்பதுதான். படுத்திருக்கும் தன் பழைய சிநேகிதியிடம் வாரம் ஒரு நாள் போய் உட்காருகிற பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். "நான் வரலன்னா அவ பார்த்துட்டு இருப்பா" என்று சொல்லிக்கொண்டு எழுந்துபோவார். இரண்டு பேராகப் போகட்டும், ஒருவர் படுத்திருப்பவருக்குத் தெரிந்தவராக இருக்கட்டும். ஆள் மாறக் கூடாது, கிழமை மாறக் கூடாது.

போகிற விதத்துக்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பேசாமல் அவர் கண்மட்டத்துக்கு உட்கார வேண்டும். டிவியை நிறுத்தச் சொல்ல வேண்டும். கேட்கிற காதுப் பக்கம், முகம் தெரியும்படி, நிதானமாகப் பேச வேண்டும், கத்தக் கூடாது. போனதும் ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்புவது கடமையைக் கழிப்பது. முதலில் அவர் பேசட்டும். அவருக்குத் தெரிந்த பழைய கீர்த்தனை ஒன்றைத் தொடங்குங்கள். மறதி நோயில் மகன் பெயரே மறந்துபோனவர்கள்கூடச் சின்ன வயதில் படித்த பாட்டை அடி பிசகாமல் பாடுவதைக் குடும்பத்தார் கண்ணீரோடு பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பழைய ஞாபகங்களும் ராகமும் அந்த நோயில் கடைசியாகத்தான் அழிகின்றன.

சொல்லக் கூடாத பேச்சு ஒன்று உண்டு. "விசுவாசம் இருந்தா சுகம் கிடைக்கும், மாத்திரை எதுக்கு?" இந்த வார்த்தையைக் கேட்டுவிட்டுச் சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்தி, பக்கவாதத்தில் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சுகத்துக்காக ஜெபியுங்கள், மாத்திரையைப் போட்டுக்கொள்ளவும் சொல்லுங்கள். இரண்டுக்கும் சண்டை இல்லை.

மாத்திரை என்றதும் ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்ல வேண்டும். பாலக்கோடு பக்கம், எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா. தினமும் பதினொரு மணி வாக்கில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, படுத்துவிடுகிறார். வீட்டில் பலவீனம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய மாத்திரைகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன, பாதி வெட்டிய அட்டைகளாக. எடுத்து அடுக்கிப் பார்த்தால் அரசு மருத்துவமனையில் கொடுத்த கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை ஒரு பக்கம், தனியார் டாக்டர் வேறு பிராண்டு பெயரில் எழுதிய அதே கிளிமிபிரைடு இன்னொரு பக்கம். இரண்டையும் போட்டுவிட்டு, முதல் நாள் களியைக் கரைத்து ஒரு வாய் குடித்துவிட்டு இருந்திருக்கிறார். சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? உங்கள் ஊழியர்கள் மருத்துவம் பார்க்க வேண்டாம், மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ கூடாது. டப்பாவைப் பார்த்து, சந்தேகம் வந்தால் அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னால் போதும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருவது, இயன்முறை சிகிச்சை, படுக்கையில் இருப்பவர்களுக்கான நோய்த்தணிப்புப் பராமரிப்பு எல்லாம் அந்தத் திட்டத்தில் உண்டு. உங்கள் ஊருக்கு வரும் பணியாளரின் போன் நம்பர் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

திருவிருந்தைப் பற்றி ஆயர் ஐயாவிடம் பேசுங்கள். வீட்டோடு இருப்பவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தரம், கிறிஸ்துமஸுக்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளாமல், சபையில் திருவிருந்து நடக்கிற அதே ஞாயிறு மத்தியானம் அவர்கள் வீட்டுக்கும் போகட்டும். "இன்றைக்குச் சபையார் எல்லாரும் எடுத்தார்கள், உங்களுக்கும் கொண்டுவந்தோம்" என்று சொல்லும்போது அவர் இன்னும் சபையில் ஒருவர் என்று ஆகிறது. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கச் சிரமம் இருக்கலாம். படுத்தபடி வாயில் வைக்கவே கூடாது. முதுகுக்குத் தலையணை கொடுத்து நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, கடுகளவு அப்பத்தைத் தோய்த்துக் கொடுத்தால் போதும்.

நடமாடுகிறவர்களில் வீடு வீடாகப் போக முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. ரிட்டயர்டு டீச்சர் முதியோர் உதவித்தொகை மனு எழுதிக் கொடுக்கலாம். 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட அந்தத் தொகை, தகுதி இருந்தும் மனு போடாததால் கிடைக்காதவர்கள் உங்கள் நோட்டில் கட்டாயம் இருப்பார்கள். படிக்கத் தெரியாத பாட்டி, காலையில் போன் போட்டு, தனியாக இருக்கும் நாலு பேரிடம் "எழுந்தியா, சாப்ட்டியா" என்று கேட்கலாம். ஒருவர் எடுக்கவில்லை என்றால் உடனே பக்கத்து வீட்டுக்கு ஆள் போக வேண்டும். இரவு விழுந்து விடியும்வரை தரையிலேயே கிடந்தவர்களின் கதை நம் ஊர்களில் நிறைய.

வாலிபர்களுக்கும் இடம் உண்டு. பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்க, பேரப்பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா பாட்டிகள் உங்களிடம் இருப்பார்கள். பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் செய்தி அவர்களுக்குப் புரிவதில்லை, வீட்டுப்பாடம் சொல்லித்தரத் தெரிவதில்லை. சாயந்திரம் ஒரு மணி நேரம் அங்கே போய் உட்காருங்கள் என்று வாலிபர்களிடம் கேளுங்கள். பதிலுக்கு அவர்களுக்குக் கதை கிடைக்கும். கிருஷ்ணகிரியில் லுத்தரன் மிஷன் 1895-இல் வேலை தொடங்கியது. எந்த மிஷன் வழியில் வந்த சபையானாலும், தன் குடும்பத்தில் முதலில் ஞானஸ்நானம் எடுத்தது யார், அதற்காக ஊரில் என்ன பட்டார்கள் என்பதை நேரில் கேட்டறிந்த கடைசித் தலைமுறை இந்த எண்பது வயதுக்காரர்கள்தான். போனில் பதிவு செய்து வைக்கச் சொல்லுங்கள்.

கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். வீடு வீடாகப் போகத் தொடங்கினால் பார்க்கக் கூடாததையும் பார்ப்பீர்கள். மாட்டுக்கொட்டகையில் கட்டில். நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டு சோறு போடாத பிள்ளை, அவரே உங்கள் கமிட்டியில் உறுப்பினராகவும் இருக்கலாம். உடனே கமிட்டியில் எழுந்து பேசிவிடாதீர்கள். அன்று ராத்திரி அடி அந்த முதியவருக்குத்தான் விழும். அவரைத் தனியே பார்த்து, அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். "பையனை ஒன்னும் சொல்லாதீங்க, ஒரு வேளை சோறு மட்டும்" என்பார் பலர். பிறகு ஆயர் ஐயாவும் மூத்தவர் ஒருவரும் மட்டும் மகனிடம் பேசட்டும். சரிவராவிட்டால் சட்டம் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். உங்கள் பகுதிக்குக் கிருஷ்ணகிரி கோட்டாட்சியர் அலுவலகம். வக்கீல் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட அந்தச் சட்டம் இடம் தருகிறது. பராமரிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தை, பராமரிக்காத பட்சத்தில் ரத்து செய்யக் கேட்க 23-ஆம் பிரிவு இருக்கிறது. அவசரத்துக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் உண்டு, கட்டணமில்லை.

அதே கண்டிப்பு சபைக்கும் வேண்டும். தனியாக இருக்கும் முதியவரிடம் போய்வருகிற யாரும் அவருடைய ஏடிஎம் கார்டைத் தொடக் கூடாது, நகையைப் பத்திரப்படுத்துகிறேன் என்று வாங்கக் கூடாது, எந்தத் தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கக் கூடாது. "சபைக்கு எழுதி வைக்கிறேன்" என்று அவரே சொன்னாலும் பிள்ளைகளுக்குத் தெரியாமல் ஏற்காதீர்கள். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கொர்பான் என்று காணிக்கையாக்கிவிட்டவர்களை ஆண்டவர் கண்டித்தார். பிள்ளைகளுக்குத் தெரியாமல் முதியவர் கையிலிருந்து நாம் வாங்குவதும் எனக்கு அந்த வரிசையில்தான் தெரிகிறது. இதைத் தீர்மானமாக எழுதி, ஊழியர்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவர். பெரும்பாலும் மருமகள், சில வீடுகளில் கல்யாணமாகாத மகள், சில வீடுகளில் எழுபது வயது மனைவியே. மலம் அள்ளி, துணி அலசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைத்து, மாதக்கணக்கில் ஆலயத்துக்கு வராமல் இருக்கிறவர்கள். உங்கள் நோட்டில் வயதை வைத்து மட்டும் பெயர் எழுதினால் இவர்கள் விடுபடுவார்கள். இவர்களையும் எழுதுங்கள். ஞாயிறு காலை இரண்டு பேர் அந்த வீட்டில் வந்து உட்கார்ந்து அவரை ஆராதனைக்கு அனுப்பிவைக்கட்டும். முதல் வாரம் "வேணாங்க, நான் இல்லாம முடியாது" என்று மறுப்பார், அடுத்த வாரமும் போய்க் கேளுங்கள். எப்படிப் புரட்டுவது, எப்படித் தண்ணீர் கொடுப்பது என்று அவரிடமே கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். அரை மணி நேரம் விட்டுப் போய்ப் பார்த்துவிட்டு, பிறகுதான் முழு ஆராதனைக்கு வரத் துணிவார்.